தொலைக்காட்சிப் பெட்டி வாய் திறந்த வரலாறு

சிங்கப்பூரில் 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாளும், மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாளும் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிற்று. ஏரியல் நட்ட வீடுகள் அனைத்திற்கும் ஒரே அலை ஒரே வேளையில் வந்து சேர்ந்தது. எந்த வீட்டார் பெட்டியைத் திறந்தனர், எவர் மூடினர் என்பதை நிலையத்தார் அறிய வழியில்லை. பெட்டிக்குச் செவி இருந்தது, வாய் இல்லை.

இணையத்தோடு இணைந்த இன்றைய பெட்டிக்கு வாய் உண்டு. 'ஸ்மார்ட் டிவி' என்பதைத் 'திறன் தொலைக்காட்சி' என்று பெயர்த்து வழங்குகிறோம். திறன் என்பது பொதுச்சொல். பழைய பெட்டியினின்று இதனைப் பிரித்துக் காட்டுவது மறுமொழி கூறும் ஆற்றலே. அவ்வாற்றல் இணையத்தால் வந்தது என்று பலரும் எண்ணுவர். வரலாறோ அதற்கும் முற்பட்டது.

1977ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத் தலைநகராகிய கொலம்பஸில், வார்னர் நிறுவனம் 'கியூப்' என்னும் கம்பித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. நிலையத்திலிருந்து வீடுகளுக்குக் கம்பி சென்றது. கம்பியிலே செய்தி இருவழியும் செல்லக்கூடும். பொத்தான்கள் பொருத்திய சிறு பெட்டி ஒன்று வீட்டாருக்குத் தரப்பட்டது. அவற்றுள் ஐந்து பொத்தான்கள் விடை கூறுதற்கென்றே அமைந்தவை. நிகழ்ச்சி நடத்துவோர் வினா எழுப்புவர். வீட்டிலிருப்போர் பொத்தானை அழுத்துவர். சற்று நேரத்தில் விடைத்தொகை திரையிலே தோன்றும். 1979 ஜூலை 15ஆம் நாள் அதிபர் கார்ட்டர் நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரை முடிந்ததும், கொலம்பஸ் மக்கள் இவ்வாறே தம் கருத்தைத் தெரிவித்தனர்.

இங்கு நாம் கருதவேண்டியது நிலையத்துக் கணிப்பொறி செய்த வேலையாகும். ஆறு நொடிக்கு ஒருமுறை அஃது எல்லா வீட்டுப் பெட்டிகளையும் சுற்றி வந்து வினவும். பெட்டி திறந்துள்ளதா? எந்த அலைவரிசையில் உள்ளது? கடைசியாக அழுத்திய பொத்தான் எது? வீட்டார் விடை கூறாதிருப்பினும் பெட்டி கூறிவிடும். கட்டணப் படங்களுக்குப் பணம் கணக்கிட இக்குறிப்புத் தேவைப்பட்டது. ஆனால் பணக் கணக்கிற்கென எழுதிய குறிப்பு வேறு கைகளுக்கும் பயன்படும் என்பது விரைவிலேயே தெரியவந்தது.

1980ஆம் ஆண்டையொட்டி, அவ்வூர்த் திரையரங்கினர் ஒருவர்மீது ஆபாசப் படம் காட்டினார் என்று வழக்குத் தொடரப்பட்டது. அதே படம் கியூபிலும் காட்டப்பட்டிருந்தது. ஊரார் பலர் விரும்பிப் பார்த்த படம் எங்ஙனம் ஊர் ஒழுக்கத்திற்கு மாறாகும் என்று வாதிட நினைத்த அவர் தரப்பினர், பார்த்தவர் விவரத்தைக் கியூப் நிறுவனத்திடம் கோரினர். பெயர்கள் தரப்படவில்லை, தொகை மட்டுமே தரப்பட்டது. அன்று ஊரார் மானம் தப்பியது என்றே சொல்லவேண்டும்!

செலவு மிகுந்தமையால் 1984ஆம் ஆண்டளவில் கியூப் தளர்ந்தது. எனினும் அதே ஆண்டில் அமெரிக்கா இயற்றிய கம்பித் தொலைக்காட்சிச் சட்டம், வீட்டார் ஒப்புதலின்றி அவர்தம் விவரங்களைத் திரட்டுவதையும் பிறர்க்குத் தருவதையும் கட்டுப்படுத்திற்று. அச்சட்டம் கட்டுப்படுத்தியது கம்பி நிறுவனங்களையே. பெட்டியைச் செய்து விற்பவரைப்பற்றி அஃது ஒன்றும் கூறவில்லை. அக்காலத்தில் கூறவேண்டிய காரணமும் இல்லை.

இணையம் பெட்டிக்குள் புகுந்தது 1996இல். அவ்வாண்டு விற்பனைக்கு வந்த 'வெப் டிவி' என்னும் சிறு கருவி, தொலைபேசிக் கம்பி வழியே இணையப் பக்கங்களைத் தொலைக்காட்சித் திரைக்குக் கொணர்ந்தது. அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் அதனை 42 கோடியே 50 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு வாங்கியது. 2013இல் அச்சேவை மூடப்பட்டது. படிப்பதற்கு அமைந்த பக்கங்கள் எட்ட இருந்து பார்க்கும் திரைக்குப் பொருந்தவில்லை. 2007இல் நெட்ஃபிளிக்ஸ் இணைய வழியே படங்களை அனுப்பத் தொடங்கியது. மறு ஆண்டில் ரோக்கு என்னும் கருவி அவற்றைத் தொலைக்காட்சித் திரையில் காட்டியது. பின்னர் அக்கருவியின் வேலையைப் பெட்டியே தன்னுள் ஏற்றுக்கொண்டது.

இப்பெட்டி உள்ளுக்குள் ஒரு கணிப்பொறி. நிகழ்ச்சி சில நொடி அளவுள்ள துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் தெளிவு மிக்கது, இடைத்தரமானது, மங்கலானது எனப் பல தரங்களில் நிறுவனத்தின் கணிப்பொறியில் இருக்கும். பெட்டி இணைய வேகத்தை அளந்து, அதற்கேற்ற தரத்தில் அடுத்த துண்டைக் கேட்டு வாங்கும். வேகம் குறையும்பொழுது படம் திடீரென மங்குவது இதனாலேயே. கேளாமல் ஒரு துண்டும் வாராது. எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியாமலும் வாராது. ஆகவே, நாம் பார்ப்பது இன்னதென்று அனுப்புவோர் அறிவது இம்முறையின் இயல்பு. அதைக் குறைகூற முடியாது.

குறைகூறத்தக்கது வேறொன்று. அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான விசியோ, 2014 பிப்ரவரி முதல் தன் பெட்டிகளில் ஒரு மென்பொருளை வைத்தது. முன்பே விற்று வீடு சேர்ந்திருந்த பெட்டிகளிலும் இணைய வழியே அதனை ஏற்றியது. திரையில் தோன்றும் படத்தின் சில புள்ளிகளை நொடிக்கு நொடி எடுத்து, முன்னரே தொகுத்துவைத்த நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டு, ஓடுவது இன்னதென்று அது கண்டறியும். கம்பி வழி வந்தாலும், ஏரியல் வழி வந்தாலும், வட்டிலிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றே. இவ்வாறு திரண்ட குறிப்புகள் ஒரு நாளைக்கு 10,000 கோடி வரை எட்டின. அவை விற்கப்பட்டன. பெயர் சேர்க்கலாகாது என்பது விற்பனை ஒப்பந்தம். வயது, வருமானம், கல்வி, மணமானவரா என்பன சேர்க்கப்படலாம். கியூப் கொடாத பட்டியலை இங்கே விலைக்கே கொடுத்தனர். இவ்வசதிக்கு இட்ட பெயரிலிருந்து அதன் வேலையை எவரும் ஊகித்திருக்க முடியாது.

கூட்டரசு வணிக ஆணையமும் நியூ ஜெர்சி மாநிலமும் வழக்குத் தொடுத்தன. ஒரு கோடியே 10 இலட்சம் பெட்டிகள் தொடர்பான அவ்வழக்கு 2017 பிப்ரவரியில் உடன்பாட்டில் முடிந்தது. நிறுவனம் 22 இலட்சம் அமெரிக்க வெள்ளி செலுத்தவும், 2016 மார்ச் முதல் நாளுக்கு முன் திரட்டியவற்றை அழிக்கவும், இனி வெளிப்படையாக ஒப்புதல் பெறவும் இசைந்தது.

இத்தகைய மென்பொருள் வேறு பல நிறுவனத்தார் பெட்டிகளிலும் உண்டு. பெட்டியின் அமைப்புப் பகுதியில், பெரும்பாலும் தனியுரிமை என்ற தலைப்பின்கீழ், அதனை நிறுத்திவைக்க இடமிருக்கும். நிறுத்திய பின்னரும் படம் முன்போலவே தெளிவாகத் தெரியும்.