பத்மநாபபுரத்து மணிமாளிகை

நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி திருவனந்தபுரத்தில் எங்கள் பக்கத்து ஆரியசாலை தேவி கோயிலில் வந்து தங்குவார். தேவாரக்கெட்டு சரஸ்வதி கோட்டைக்குள் போவாள், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை செந்திட்டைக்கு. மூவரும் பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாக வருகிறவர்கள். 1795இல் திருவிதாங்கூரின் தலைநகரம் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகும் பழைய ஊரோடு உறவு விடவில்லை. வலியசாலை அக்கிரகாரத்துத் தமிழர்களான எங்களுக்கு இந்த நாட்கள்தாம் ஆண்டின் நடுநாயகம்.

அந்த ஊருக்கு நான் போவது வேறொன்றுக்காக. சாலைக் கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்த்தே காலம் கழித்தவன் நான். தக்கலைக்குப் பக்கத்தில், வேளிமலை அடிவாரத்தில் இருக்கிற அரண்மனையில் மரவேலையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஆயிரம் பேர் உண்ணக்கூடிய ஊட்டுப்புரையில் நின்று வியப்பார்கள். மணிமாளிகையை அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அங்கேதான் நான் நின்றுவிடுவேன்.

முந்நூறு ஆண்டுப் பழமையானது என்கிறார்கள் மணிமாளிகையில் உள்ள கடிகாரத்தை. அதற்கு முன் நாழிகை வட்டில்தான்: அடியில் சிறு துளையிட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டால், அது நிறைந்து மூழ்க ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். பகலும் இரவுமாக 60 நாழிகை. ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லவேண்டும்.

மணிமாளிகைக் கடிகாரம் எடையால் ஓடுவது. கயிற்றில் தொங்கும் எடை மெல்லக் கீழே இறங்கும்போது பல்சக்கரங்கள் திரும்புகின்றன. அடிக்கு வந்ததும் மனிதக் கைதான் மேலே ஏற்றவேண்டும். சுருள்வில் கடிகாரத்தில், வில் தளரத் தளர விசை குறையும். பாதி வாரத்துக்குப் பிறகு தாமதிக்கும் கடிகாரங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். எடைக்கு அந்தக் குறை கிடையாது. உச்சியில் இருந்தாலும் அடியில் இருந்தாலும் ஒரே இழுப்புதான். அக்காலத்துக் கைவேலையின் அறிவு இந்த எளிமையில் இருக்கிறது என்பேன்.

மணியோசை மூன்று கிலோமீட்டர் தூரம் கேட்கும் என்று சொல்வார்கள். கையில் கடிகாரம் இல்லாத காலத்தில், சுற்றியிருந்த கல்குளம் வயல்களில் நின்றவர்களுக்கு நேரம் அந்த ஓசையாகத்தான் வந்திருக்கும். திருவனந்தபுரத்திலும் கிழக்கேகோட்டையில் மேத்தன் மணி என்ற கடிகாரத்தைப் பார்க்கலாம். ஒவ்வொரு மணிக்கும் தாடிக்காரர் வாய் திறப்பார், இரண்டு ஆடுகள் கன்னத்தில் முட்டும். சிறு வயதில் அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தத் தொழிலில் ஆசை வந்தது. ஆனாலும் முன்பு தலைநகராக இருந்த ஊரின் கடிகாரம்தான் என் மனசுக்கு மூத்தது.

1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி, இன்று தமிழ்நாடு எனப்படும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது பத்மநாபபுரமும் அந்தப் பக்கம் போனது. ஆனால் அரண்மனையைப் பராமரிப்பது இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான். இரண்டு அரசுகளுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே: சுவருக்கும் கூரைக்கும் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை அந்தச் சக்கரங்களுக்கும் காட்டுங்கள். தூசு துடைக்கவும், எண்ணெயிடவும், எடை ஏற்றவும் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். இளைஞர்கள் இரண்டு பேருக்காவது இந்த வேலையை இப்போதே சொல்லிக்கொடுக்கவேண்டும்.