காத்தோங்கின் விறகும் சங்கிலி வாளும்



அண்மையில் ஒரு சனிக்கிழமை. முதல்நாள் இரவு பெய்த பெருமழையில், காத்தோங்கில் எங்கள் தமிழ் வகுப்பு நடக்கும் கட்டடத்துக்கு எதிரே நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் பெருங்கிளை ஒன்று முறிந்து விழுந்திருந்தது. நான்கு தொழிலாளர்கள் சங்கிலி வாளோடு வந்து அதைத் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டிருந்தார்கள். நால்வரும் தமிழர்களே. வாளின் இரைச்சலில் பாடம் நடத்த இயலாமற் போகவே, மாணவர்களைச் சாளரத்தருகே நின்று பார்க்க விட்டேன்.

அன்று இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. "இந்த மரத்தை என்ன செய்வார்கள், சார்?" என்று தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மாணவன் ஒருவன் கேட்டான். ஊராக இருந்தால் விறகாகியிருக்கும் என்றேன். "விறகு என்றால்?" என்று கேட்டான். வகுப்பில் பதினான்கு பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் அச்சொல் தெரியவில்லை. மற்றொன்று, மகளை அழைத்துப்போக வந்த தந்தையார் ஒருவர் அந்தத் தொழிலாளர்களைச் சுட்டி, "ஒழுங்காகப் படிக்காவிட்டால் இந்த வேலைதான்" என்று அவளிடம் சொன்னது. அவர் தமிழில் சொன்னார். வாள் அப்போது நிறுத்தப்பட்டிருந்தது. கேட்க வேண்டாதவர்களுக்கும் அது கேட்டிருக்கும்.

அந்தத் தந்தையார் நல்லவர். அவரைக் குறைகூற இதை எழுதவில்லை. ஆயினும் காத்தோங்கில் நின்றுகொண்டு விறகு அறுப்பவரை இழிவாகப் பேசுவது வரலாறு அறியாத பேச்சு என்று எனக்குத் தோன்றியது. அன்றிரவு படித்தவற்றையும், ஏற்கெனவே அறிந்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

சிங்கப்பூரின் காடு அழிந்ததற்குப் பலரும் கட்டடங்களையே காரணமாகச் சொல்வர். அதற்கு வெகுமுன்பே அது அடுப்பில் எரிந்துபோயிற்று. 19ஆம் நூற்றாண்டில் இத்தீவின் பெரும் பயிர் மிளகும் கத்தக்காம்பும் ஆகும். வெற்றிலையோடு மெல்லும் அதே கத்தக்காம்புதான். தோல் பதனிடவும் சாயமிடவும் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியானது. அதன் இலைகளைப் பெரிய கொப்பரைகளில் இட்டு மணிக்கணக்காகக் காய்ச்ச வேண்டும். காய்ச்ச விறகு வேண்டும். ஆகையால் தோட்டம் போடுகிறவர், பயிருக்கு வேண்டிய நிலத்தோடு அடுப்புக்கு வேண்டிய காட்டையும் சேர்த்தே பிடித்தார். ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகளில் மண்ணும் களைத்தது, சுற்றியிருந்த மரமும் தீர்ந்தது. தோட்டத்தை அப்படியே லாலாங் புல்லுக்கு விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போனார்கள். இங்கே காடு தீர்ந்ததும் பலர் ஜொகூருக்குப் போனார்கள். 1883இல் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் நத்தானியேல் கேன்ட்லி, நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி அரசுக்கு அறிக்கை அளித்தபோது, தீவின் பெரும்பகுதி மொட்டையாகியிருந்தது. காப்புக் காடுகள் என்ற ஏற்பாடு அதன் பின்னரே வந்தது. புக்கிட் தீமாவில் இன்று நாம் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டும் காடு அவ்வாறு தப்பிய மிச்சமாகும்.

இவ்வளவும் சங்கிலி வாள் பிறப்பதற்கு முன்னர், கோடரியாலும் பாராங்காலும் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இயந்திரம் வந்ததால்தான் காடு அழிந்தது என்று சொல்லித் தருவதற்கு முன் நாம் சற்றே தயங்குவது நல்லது.

காத்தோங்கின் கதை இதிலிருந்து சிறிது வேறு. இது கடற்கரை ஊர்; தென்னந்தோப்பு ஊர். சிங்கப்பூரின் முதல் காவல்துறை ஆணையர் தாமஸ் டன்மனின் குரோவ் எஸ்டேட் இங்கேதான் இருந்தது. தோப்பில் இருந்தவர்களுக்கு விறகு விலைக்கு வாங்கும் பொருளன்று. மட்டை, பாளை, பன்னாடை, தேங்காய் நார், கொட்டாங்குச்சி என்று தென்னை தருவதெல்லாம் அடுப்புக்குத்தான். தென்னை அடிமரம் மட்டும் அவ்வளவு எளிதில் வசப்படாது. வெளிப்புறம் இரும்புபோல் இறுகி, உள்ளே பஞ்சுபோல் இருக்கும். அதன் நாரில் மணற்சத்து கலந்திருப்பதால் எந்த வாளின் பல்லையும் விரைவில் மழுக்கிவிடும்.

நகரத்தில் தோப்பில்லாதவர்களுக்கு விறகு கடல்வழி வந்தது. பாக்காவ் என்று மலாய்மொழியில் வழங்கும் கண்டல் மரம் அது. பிச்சாவரத்தில் படகில் போகும்போது வேரூன்றிக் கால்பரப்பி நிற்குமே, அந்தச் சுரபுன்னையின் உறவு. கனமான கட்டை, நின்று எரியும், கரியாக்கினால் நல்ல சூடு தரும். இந்தோனேசியத் தீவுகளிலிருந்து தொங்காங் படகுகளில் கரியும் கட்டையும் ஏற்றி வந்து இறக்கிய இடம் காத்தோங்குக்கு அடுத்திருக்கும் தஞ்சோங் ரூ. கடைக்காரர் கட்டிக் கணக்கிலும் பிக்குள் கணக்கிலும் நிறுத்து விற்றார். 100 கட்டி ஒரு பிக்குள். இன்றைய அளவில் 60 கிலோவுக்குச் சற்று மேல். அதைத் தோளில் சுமந்து மாடியேற்றியவர்களும் இருந்தார்கள்.

தஞ்சோங் ரூ என்ற பெயரையும் பாருங்கள். ரூ என்றால் சவுக்கு மரம். சவுக்குமுனை என்று தமிழில் சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டில் சென்னையின் அடுப்புகளுக்கும் ரயில் எஞ்சின்களுக்கும் எரிபொருள் வேண்டும் என்று கடற்கரை மணலில் வரிசை வரிசையாக நட்டு வளர்த்த மரம் சவுக்கு. தமிழ்நாட்டில் விறகு என்றதும் நினைவுக்கு வரும் மரத்தின் பெயரைத் தாங்கிய முனையிலேயே சிங்கப்பூரின் கரிக் கிட்டங்கிகள் நின்றன. தற்செயல்தான். ஆனாலும் வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல தற்செயல் கிடைப்பதரிது.

காலாங்கில் 1862இலேயே எரிவாயு ஆலை வந்துவிட்டது. 1864இல் வீதி விளக்குகள் அதனால் எரிந்தன. ஆனால் சாதாரணக் குடும்பத்தின் சமையலறைக்கு வாயு வர நூறாண்டு ஆயிற்று. இடையில் மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது; 1960க்குப் பின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள் வந்தன. பத்தாம் மாடியில் விறகு எரிக்க முடியுமா? அடுப்பு மாறியது, கரி வணிகம் சுருங்கியது. 1977இல் தொடங்கிய ஆற்றுத் தூய்மைத் திட்டத்தில் காலாங் வடிநிலமும் அடங்கும். 1987இல் தஞ்சோங் ரூவின் கரி வணிகர்கள் லோரோங் ஹாலுஸுக்கு இடம்பெயர்ந்தனர். அதற்குள் கடலும் காத்தோங்கை விட்டு அகன்றுவிட்டது. 1966இல் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நிலமீட்பினால், அன்று அலை வந்து தொட்ட இடத்திற்கு அப்பால் இன்று மரின் பரேட் நிற்கிறது.

இனி, வாளைப் பற்றி. பழந்தமிழில் இதற்கு ஈர்வாள் என்று பெயர். ஈர்தல் என்றால் அறுத்தல். ரம்பம் என்ற சொல் வழக்கில் வென்றுவிட்டது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. சங்கிலியில் பல் கோத்து அறுக்கும் எண்ணம் முதலில் தோன்றியது காட்டிலன்று, மருத்துவரிடத்தில் என்பது பலரும் அறியாதது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் இருவர், பேறுகாலத்தில் தாயின் இடுப்பெலும்பை அறுக்க வேண்டி வந்தால் பயன்படும் என்று கையால் இயக்கும் சிறு சங்கிலி வாள் ஒன்றை வகுத்தார்கள். (இதை நான் வகுப்பில் சொல்லவில்லை.) மரம் அறுக்கும் இயந்திரம் 1920களில் ஜெர்மனியில் உருவானது. ஆந்திரியாஸ் ஸ்டீல் 1926இல் மின்சாரத்தால் ஓடும் வாளைச் செய்தார். மறு ஆண்டு எமில் லெர்ப் பெட்ரோலில் ஓடும் வாளை டோல்மார் என்ற மலையில் ஓட்டிக் காட்டினார். அதன் எடை ஏறத்தாழ 58 கிலோ, அதாவது ஒரு பிக்குள்! இரண்டு பேர் தூக்கிப் பிடித்து அறுக்க வேண்டும். தனியொருவர் பிடிக்கத்தக்க 16 கிலோ வாள் ஸ்டீல் நிறுவனத்திலிருந்து 1950இல்தான் வந்தது.

எடையைவிடப் பெரிய இடர் பல்லில் இருந்தது. அன்றைய சங்கிலிகள் கைவாளின் பல்லைப் போன்றே மரத்தைக் கீறின. அடிக்கடி கூர்தீட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி 1946இல் ஒரு நாள் விறகு பிளந்துகொண்டிருந்தபோது, கட்டைக்குள் விரலளவு வண்டுப்புழு ஒன்று மரத்தைத் தின்று வழியமைத்துப் போவதைக் கண்டார். நாரோட்டமோ குறுக்கோ, அதற்கு எல்லாம் ஒன்றே. அதன் தாடைகளைக் கூர்ந்து நோக்கினார். வளைந்த இரு தாடைகள், இடமும் வலமுமாக மாறி மாறி வெட்டின. அதைப் போலவே இடப்பல், வலப்பல் என்று மாற்றி மாற்றிக் கோத்த சங்கிலியைத் தம் வீட்டு நிலவறையில் செய்து, 1947இல் விற்கத் தொடங்கினார். இன்று உலகெங்கும் ஓடும் சங்கிலிகள் பெரும்பாலும் அந்தப் புழுவின் வாரிசுகளே. அறிவியல் ஆசிரியர்கள் இந்தக் கதையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வகுப்பு முடிந்ததும் நான் கீழே இறங்கிப் போனேன். வாள் பிடித்திருந்தவர் வேலையை நிறுத்திவிட்டு, ஒரு கட்டையின்மேல் அமர்ந்து சங்கிலிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். "எத்தனை தடவை தீட்ட வேண்டும், தம்பி?" என்று கேட்டேன். அவர் வாயால் விடை சொல்லாமல், தரையிலிருந்து ஒரு பிடி அள்ளிக் காட்டினார். "இப்படிச் சீவலாக விழுந்தால் பல் நன்றாக இருக்கிறது, சார். மாவாக விழுந்தால் மழுங்கிவிட்டது. அப்போது வாள் மரத்தைத் தின்னாது, நம் தோளைத் தின்னும்."

பிறகு அவர் காட்டியதையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன். பல்லுக்கேற்ற தடிமனில் உருண்டை அரம் வேண்டும். ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளிப்புறமாக மட்டும் தள்ள வேண்டும். இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். இடப்பற்களை எல்லாம் முடித்துவிட்டு வலப்பக்கம் வர வேண்டும். எண்ணிக்கை ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாள் ஒருபக்கமாக வளைந்து அறுக்கும். பல்லுக்கு முன்னால் உள்ள சிறு மேடு, வெட்டு எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. அது பல்லைவிட அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தாழ்ந்திருந்தால் போதும். அதை அதிகம் தேய்த்துவிட்டால் வாள் துள்ளும். பெட்ரோலில் ஐம்பதுக்கு ஒன்று என்று எண்ணெய் கலக்க வேண்டும். சங்கிலி ஓடும் தகட்டுக்குத் தனி எண்ணெய். சங்கிலி தொய்ந்தால் கழலும், இறுகினால் தகடு சூடேறும். தகட்டின் மேல்முனை மரத்தில் பட்டால் வாள் நொடியில் முகத்தை நோக்கி எழும். 1970களில் வந்த சங்கிலித் தடை அதற்காகத்தான். "தடை இருக்கிறதே என்று நம்பி நிற்கக் கூடாது, சார், தள்ளி நிற்க வேண்டும்" என்றார் அவர். ஆறாம் வகுப்பு அறிவியல் தேர்வில் இவ்வளவு தெளிவாக விடை எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் அரத்தையும் மரத்தையும் ஒரே குறளில் வைத்திருக்கிறார். அரத்தைப் போன்ற கூர்மை இருந்தும் மக்கட்பண்பு இல்லாதவர் மரத்துக்கு ஒப்பாவர் என்பது கருத்து. அரம் ஓடும் ஓசையைக் கேட்டுக்கொண்டே நின்றபோது அது நினைவுக்கு வந்தது. திருவிளையாடற் புராணத்தின் விறகு விற்ற படலமும் நினைவுக்கு வந்தது. பாணபத்திரருக்காக மதுரை வீதியில் சிவபெருமான் விறகுத் தலைச்சுமையோடு வருகிறார். பாட்டில் வல்ல ஏமநாதன் அந்த விறகாளின் பாட்டைக் கேட்டே ஊரைவிட்டு ஓடுகிறான். சிலோன் ரோட்டில் விநாயகரை வணங்கிவிட்டு வரும் நம் குழந்தைகளுக்கு, அவருடைய தந்தையார் விறகு சுமந்த கதையையும் சொல்லலாமே.

வாளை எல்லாரும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று கருதும் நாடுகளும் உண்டு. இந்தோனேசியாவில் 1995இல் அதிபர் ஆணை ஒன்று சங்கிலி வாள் வணிகத்தையும் பயன்பாட்டையும் ஒழுங்குபடுத்தியது. பிலிப்பீன்ஸில் 2002இல் சங்கிலி வாளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றினர். கள்ளத்தனமாகக் காடு வெட்டப்படுவதைத் தடுப்பது அதன் நோக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் மாத்தாங் கண்டற்காட்டில் வேறு வழி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அக்காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டி, மீண்டும் வளரவிடுகிறார்கள். கோலா செப்பெத்தாங்கில் உள்ள கரிச்சூளைகளைப் பெற்றோர் சிலர் பார்த்திருப்பீர்கள். ஒரு சூளையில் ஏறத்தாழ 40 டன் கட்டை அடுக்கினால் 10 டன் கரி கிடைக்கும். கத்தக்காம்புக்காரர்கள் இருபது ஆண்டுகளில் தீர்த்ததை இவர்கள் நூறாண்டுக்கு மேலாக வைத்திருக்கிறார்கள்.

மாணவன் கேட்ட முதற்கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. இங்கே வெட்டும் மரம் எங்கே போகிறது? ஒரு பகுதி தூளாகி உரமாகிறது. மற்றொரு பகுதியின் கதை வியப்பானது. 2012இல் மரினா குடாவில் கரையோரப் பூந்தோட்டம் திறக்கப்பட்டபோது, தீவின் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் கழித்த மரக்கழிவை எரித்து ஆற்றல் எடுக்கும் கொதிகலன் ஒன்றையும் அங்கே அமைத்தார்கள். கண்ணாடிக் கூடங்களைக் குளிர்விக்க அந்த ஆற்றல் உதவுகிறது. புகைபோக்கி வெளியே தெரியாதபடி, நாமெல்லாம் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பெருமரக் கோபுரங்களில் ஒன்றுக்குள் மறைத்திருக்கிறார்கள். பழைய கரித்துறையான தஞ்சோங் ரூவிலிருந்து நீர்ப்பரப்பைத் தாண்டினால் அந்த இடம். குளிர்ச்சிக்காக விறகு எரிக்கும் ஊர் நம்முடையது.

இதைச் சொன்னபோது வாள் பிடித்த தம்பி சிரித்தார். "எங்கள் ஊரில் இந்தக் கிளை கிடைத்தால் அம்மாவுக்கு ஒரு மாதத்து அடுப்பு" என்றார். பிறகு முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு இயந்திரத்தின் கயிற்றை இழுத்தார்.

அடுத்த வாரம் விறகு என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி வாக்கியம் அமைக்கச் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவன், "எங்கள் வீட்டில் விறகு இல்லை" என்று எழுதியிருந்தான். பிழையில்லை. அந்தத் தந்தையாரின் மகள், "அண்ணன் வாளுக்கு அரம் போட்டு விறகு அறுத்தார்" என்று எழுதியிருந்தாள். அரம் என்ற சொல்லை நான் வகுப்பில் சொல்லவே இல்லை. அவள் கீழே இறங்கி வந்து அவரிடமே கேட்டிருக்கிறாள்.