சூரை மீனும், நான் போர்டில் எழுதிய வரியும்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். குரூப் தேர்வு நாலாவது முறையும் போய்விட்டதாம். "சார், பொறுத்தார் பூமி ஆள்வார்னு நீங்கதானே போர்டுல எழுதிப் போட்டீங்க?" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வரலாற்று வாத்தியார் இல்லையா, பழைய கதைகளைப் புரட்டினேன்.

நம் மாகறல் பிள்ளைகளுக்கு மீன்பிடி என்றால் செய்யாற்றில் தண்ணீர் வரும்போது கிடைக்கும் கெண்டையும் கெளுத்தியும்தான். ஒரு குச்சி, நாலு மண்புழு, அரை நாள் பொறுமை. கடலில் சூரை பிடிப்பது வேறு கதை.

அமெரிக்காவில் கலிபோர்னியா கரைக்கு எதிரே சாண்டா கேடலினா என்று ஒரு தீவு. 1898 ஜூன் மாதம் சார்லஸ் ஹோல்டர் என்பவர் அங்கே வெறும் தூண்டில் கோலால் 183 பவுண்டு, அதாவது 83 கிலோ சூரையைப் பிடித்தார். மணிக்கணக்கில் போராட்டம்! அதே ஆண்டு சூரை மீன் சங்கம் ஒன்றையும் தொடங்கினார். 100 பவுண்டுக்கு மேல் பிடித்தவருக்கு மரியாதை என்ன தெரியுமா? ஒரு நீலப் பொத்தான்.

1979-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கென் ஃப்ரேசர் பிடித்தது 1,496 பவுண்டு, 679 கிலோ. அந்தச் சாதனை இன்னும் முறியவில்லை. பிடிக்க ஆன நேரம் முக்கால் மணி! பொறுமைக்கும் பலனுக்கும் கணக்கு எப்போதும் நேராக வருவதில்லை, பாருங்கள்.

ஆனால் இவர்களுக்கெல்லாம் மீன் வராவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும்.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற கடலோர ஊர்க்காரர்களை எண்ணிப் பாருங்கள். சுறாவும் சூரையும் தேடி ஆழ்கடலுக்குப் போவதில் நாடறிந்தவர்கள். ஊரில் வசதியான துறைமுகம் இல்லாத காலத்திலேயே கொச்சியைத் தளமாக வைத்து லட்சத்தீவுக் கடல், குஜராத் கடல் வரை போனார்கள். ஒருமுறை போனால் வாரக்கணக்கில் கடல்தான். பல கிலோமீட்டர் நீளக் கயிறு, அதில் நூற்றுக்கணக்கான தூண்டில் முள். இறக்கிவிட்டுக் காத்திருந்து, மெல்ல இழுக்க வேண்டும். மீனை விற்று டீசல், ஐஸ் செலவு கழித்த பிறகுதான் பங்கு. மீன் இல்லையென்றால் பங்கும் இல்லை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது இவர்களில் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அவர்களுக்குப் பொறுமை இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆகவே என் மாணவனுக்கு மறுபடி போன் செய்தேன். "தம்பி, நான் எழுதினது பாதிதான் சரி. பொறுமைக்குப் பலன் நிச்சயம்னு யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனா தூத்தூர்க்காரங்க கரையில உட்கார்ந்து காத்திருக்கலை. மீன் இருக்கிற இடத்தைத் தேடிப் போனாங்க. நீயும் தேர்வை எழுது. கூடவே ஒரு வேலையும் தேடு. நாலு முறை தோத்தது உன் குறை இல்லை" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சரிங்க சார், ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன்" என்றான்.

வரட்டும். காபியோடு காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார், மாகறல்