பதிவேட்டில் இல்லாத பெயர்

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியில் பட்டுத் தறிகள் பல வீட்டினுள்ளேயே ஓடுகின்றன. முதலாளி தந்த பாவும் ஜரிகையும் சேலையாகித் திரும்பும்போது நெசவாளர் கூலி பெறுகிறார். கூலி குறைந்தால் அவர் தனித்து நின்றே கேட்கவேண்டும். ஆலை வாயிலில் ஆயிரவர் கூடிக் கேட்பது போன்ற வாய்ப்பு அவருக்கு இல்லை. கூடிக் கேட்கும் உரிமை சட்டமான வரலாற்றை அவருடைய தறியருகே அமர்ந்து எண்ணிப் பார்ப்போம்.

1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளை நடத்திய பின்னி கம்பெனி, வேலை ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளரைத் தூண்டினர் என வாடியா முதலியோர்மீது வழக்குத் தொடுத்து, சென்னை உயர்நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றது. சங்கத்துக்குச் சட்டத்தின் காப்பு இல்லை என்பது அன்று நாடறிந்தது. 1921-இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் அக்காப்பைக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறி, 1927 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. வாடியா சந்தித்தது போன்ற வழக்கிலிருந்து பதிவுபெற்ற சங்கம் காக்கப்பட்டது.

ஆயின், அச்சங்கத்தோடு முதலாளி பேசியே ஆகவேண்டும் என அச்சட்டம் கூறவில்லை. அக்குறை தீர்க்க 1947-இல் திருத்தச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, பேச்சுவார்த்தைக்குரிய சங்கத்தை முதலாளி ஏற்கவேண்டும் என்கிறது. சங்கங்கள் பல இருப்பின், நிறுவனப் பதிவேட்டிலுள்ள தொழிலாளரில் 51 விழுக்காட்டினரைக் கொண்ட சங்கமே தனியாகப் பேசும் தகுதி பெறும். வீட்டுத் தறியில் அமர்ந்திருப்பவரின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

நபித்துவத்துக்கு முன்னர், ஜபீதிலிருந்து மக்கா வந்த வணிகர் ஒருவர், விற்ற சரக்குக்கு விலை கிடைக்காமல் தவித்தார். அவர் குறைஷியரின் எக்குலத்தையும் சார்ந்தவரல்லர். எனினும் குலத்தார் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடி, அநீதியிழைக்கப்பட்டவர் எவராயினும் அவர் உரிமை மீளும்வரை உடன் நிற்போம் என உடன்படிக்கை செய்தனர். அதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். அதில் கலந்துகொண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், பிற்காலத்தும் அத்தகையதற்கு அழைக்கப்பட்டால் இணங்குவதாகக் கூறினார்கள்.

அவ்வுடன்படிக்கை குலப்பட்டியலைப் பார்க்கவில்லை. தர மறுக்கப்பட்ட பொருளையே பார்த்தது. தொழிலாளர் சட்டமும் அவ்வாறே பதிவேட்டை விட்டுத் தறியை எண்ணட்டும். நிக்காஹ்வுக்குப் பட்டெடுக்கும் நம் குடும்பங்கள், அதை நெய்தவருக்காக இதைக் கேட்கக் கடமைப்பட்டவை.