மங்கம்மாள் சத்திரத்தின் முன்

மதுரை இரயில் நிலையத்தை விட்டு வெளியே வருவோரை எதிரே நின்று வரவேற்பது மங்கம்மாள் சத்திரம். எத்தனையோ முறை அதனைக் கடந்து சென்றிருக்கிறோம். அப்பெயருக்குரிய பெண்மணி எத்தகைய வேளையில் ஆட்சிப் பொறுப்பேற்றார் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

1689-இல் மதுரை நாயக்க மன்னர் அரங்க கிருஷ்ண முத்துவீரப்பர் அம்மை கண்டு இளவயதிலேயே மறைந்தார். அவருக்குப்பின் பிறந்த ஆண்மகவின் தாயும் பேற்றுக்குப்பின் உயிர் நீத்தார். தொட்டிலில் கிடந்த பேரன் விஜயரங்க சொக்கநாதனின் பெயரால் பாட்டி மங்கம்மாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆளத் தொடங்கினார்.

வடக்கே அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் செஞ்சியை முற்றுகையிட்டிருந்த காலம் அது. அப்பெரும்படையை எதிர்த்து நிற்க மதுரைக்கு வலுவில்லை என்பதை அரசியார் உணர்ந்தார். திறை செலுத்தி முகலாயரின் மேலாண்மையை ஏற்றார். நாட்டை அழிவினின்று காத்தார். ஆயினும் அவர் போரையே அறியாதவர் அல்லர். 1697-இல் தளவாய் நரசப்பையாவைத் திருவிதாங்கூர்மீது அனுப்பினார். 1702-இல் சேது நாட்டின்மீது படையனுப்பித் தோல்வியுற்றார்; அப்போரில் நரசப்பையாவும் மாண்டார்.

உள்நாட்டில் சாலைகளும் சத்திரங்களும் எழுந்தன. கோவில்களோடு இசுலாமியரின் தர்காவும் அவரது கொடையைப் பெற்றது. இயேசு சபையின் பூசே அடிகளாரை அவருடைய தளவாய் மதிப்புடன் வரவேற்றார். ஆனால் அவரது ஆட்சிக்காலத்திலேதான், 1693 பிப்ரவரி 4-ஆம் நாள், ஓரியூரில் புனித அருளானந்தர் தலை வெட்டுண்டு மறைசாட்சியானார். அந்த ஆணை சேதுபதியுடையது. மதுரையின் சொல் மறவர் சீமையில் செல்லுபடியாகாத காலம் அது. நல்லெண்ணம் படைத்த ஆட்சியாளரின் கைக்கும் எட்டாத இடங்கள் உண்டு என்பதை நாம் துயரத்தோடு ஏற்க வேண்டியுள்ளது.

வியப்பான ஓர் ஒற்றுமையையும் காண்கிறோம். அதே 1689-இல் உருசிய நாட்டில் இளைய தம்பியரின் பெயரால் ஆண்டுவந்த சோபியா பதவியிழந்தார். பதினேழு வயதுப் பேதுருவின் தரப்பினர் ஆட்சியைக் கைப்பற்றினர். வீழ்ச்சிக்குச் சற்றுமுன் சோபியாவின் அரசு சீனத்துடன் உடன்படிக்கை செய்து, அமூர் ஆற்றுப் பகுதியை விட்டுக்கொடுத்து, அமைதியும் வணிகமும் பெற்றிருந்தது. விட்டுக்கொடுத்து நாட்டைக் காத்த இரு பெண்மணிகள்! சோபியாவின் வாழ்வு கன்னியர் மடத்துச் சிறையில் முடிந்தது. மங்கம்மாளோ, பேரன் வளர்ந்து உரிமை கேட்ட நாளில் ஆட்சியை விட மறுத்தார் என்றும், சிறையில் பசியால் வாடி மடிந்தார் என்றும் செவிவழிச் செய்தி கூறுகிறது.

முகலாயருக்கு விட்டுக்கொடுக்கத் தெரிந்தவருக்குப் பேரனுக்கு விட்டுக்கொடுக்க ஏன் இயலவில்லை? அச்செய்தி உண்மையாயினும் அன்றாயினும் இக்கேள்வி நம்மைத் தைக்கிறது. பங்கு விட்டுப் பங்கு மாறும் நாமும், புதியவரிடம் சாவிக்கொத்தை நீட்டும் நாளில் நம் விரல்கள் சற்றே இறுகுவதை உணர்ந்திருக்கிறோம். இல்லங்களில் மருமகளிடம், சங்கங்களில் இளையோரிடம் பொறுப்பை ஒப்படைக்கத் தயங்குவோர் எத்தனை பேர்! பொறுப்பு நமக்கு இரவலாகத் தரப்பட்டது. பேரனுக்காகக் காத்த அரியணையைப் பேரனிடம் தருவதே அக்காவலின் நிறைவு.

அரியணை போயிற்று, அரண்மனையும் கைமாறிற்று. வழிப்போக்கருக்கென அவர் பெயரில் எழுந்த சத்திரம் மட்டும் இன்றும் அவரை நினைவூட்டி நிற்கிறது.