145-க்கு ரெண்டு அர்த்தம்

கர்ப்பகால சர்க்கரைக்கு 1964-ல் பாஸ்டனில் ஓ'சல்லிவனும் மஹானும் வகுத்த அளவு, பின்னாளில் தாய்க்குச் சர்க்கரை வருமா என்று கணிக்கத்தான். குழந்தைக்கு வரும் பாதிப்பைப் பெரிய அளவில் காட்டியது 2008-ல் வெளியான ஹாப்போ ஆய்வு. அதைவைத்து 2010-ல் சர்வதேச நிபுணர்கள் சொன்னது: வெறும் வயிற்றில் 92, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 1 மணி நேரத்தில் 180, 2 மணி நேரத்தில் 153. ஒன்றை எட்டினாலே சர்க்கரை.

ஆனால் என் மனைவியின் ஊரான வித்துரா மாதிரி மலையடிவாரத்திலிருந்து பஸ் பிடித்து வரும் கர்ப்பிணி, வெறும் வயிற்றோடு எப்படி வருவாள்? சென்னை டாக்டர் வி. சேஷய்யா குழுவினர் சொன்ன வழி: சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, அதே 75 கிராம், 2 மணி நேரம் கழித்து ஒரே பரிசோதனை, 140 எட்டினால் சர்க்கரை. 2014-ல் மத்திய அரசின் வழிகாட்டுதலும் அதையே ஏற்றது.

ஆக, 2 மணி நேர அளவு 145 என்றால் ஊரில் சர்க்கரை; 2010 கணக்கில் மற்ற ரெண்டும் சரியென்றால் இல்லை. ஊர் ரிப்போர்ட்டை இங்கே காட்டும்போது எந்த டெஸ்ட் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், மக்களே.