பதில் டூட்டிக்கு வந்த சாக்ஸபோன்

1975இல் வெளியான 'மிஸ்டர் மேஜிக்' என்ற ஜாஸ் ஆல்பத்தோட கதை இது. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

வாசிச்சவர் குரோவர் வாஷிங்டன் ஜூனியர். 1943இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தவர். அப்பாவும் சாக்ஸபோன் வாசிப்பார். ராணுவத்தில் இருந்தப்போ டிரம்மர் பில்லி காப்ஹாம் பழக்கமானார். அவர் மூலமா நியூயார்க் கலைஞர்கள் அறிமுகம். ஆனாலும் 1971 வரைக்கும் மத்தவங்க ஆல்பத்துல வாசிக்கிற ஆள்தான்.

அந்த வருஷம் தயாரிப்பாளர் கிரீட் டெய்லர் தன்னோட குடு லேபிளுக்காக ஹேங்க் கிராஃபோர்டை வைத்து ஒரு ரெக்கார்டிங் ஏற்பாடு செய்திருந்தார். கிராஃபோர்டால வர முடியல. குரோவரைக் கூப்பிட்டாங்க. சிக்கல் என்னன்னா, கிராஃபோர்டுக்காகத் திட்டமிட்டது ஆல்டோ சாக்ஸ். குரோவர் அப்போ பெரும்பாலும் வாசிச்சது டெனர். ஆல்டோ அளவில் சின்னது, ஸ்ருதி மேல. விரல் போற இடம் ஒண்ணுதான், ஆனா ஊதுற பிடி வேற. வாசிச்சார். அதுதான் அவரோட முதல் ஆல்பம், 'இன்னர் சிட்டி புளூஸ்'. சீனியர் வராத ராத்திரியில தியேட்டர்ல தனியா நின்ன எந்த ஜூனியர் டாக்டருக்கும் அந்த நிலைமை புரியும்.

'மிஸ்டர் மேஜிக்' பதிவானது நியூ ஜெர்சியில், ரூடி வான் கெல்டரோட ஸ்டுடியோவில். (அவர் பல வருஷம் கண் பரிசோதகரா வேலை பார்த்துக்கிட்டே ஒலிப்பதிவும் பண்ணவர். கிட்டத்தட்ட நம்ம ஆளு!)

ஆல்பத்துல மொத்தம் நாலே டிராக். டைட்டில் டிராக் மட்டும் 9 நிமிஷம். ரால்ஃப் மெக்டொனால்டும் வில்லியம் சால்ட்டரும் எழுதினது. ஹார்வி மேசன் டிரம்ஸ், எரிக் கேல் கிட்டார், பாப் ஜேம்ஸ் அரேஞ்ச்மென்ட். அடியில ஓடுறது ஃபங்க்: அதே தாளம், அதே பேஸ், திரும்பத் திரும்ப. கேட்டா காலு தானா ஆடும். அதுக்கு மேல சாக்ஸ் அவசரமே படாம வருது. நிறைய இடம் விட்டு, பேசுற மாதிரி.

பில்போர்டின் ஜாஸ் பட்டியல்ல முதலிடம், ஆர் அண்ட் பி பட்டியல்லயும் முதலிடம், எல்லா இசைக்குமான பொதுப் பட்டியல்ல 10ஆவது இடம். ஜாஸ் ஆல்பத்துக்கு இது பெரிய விஷயம்.

1999 டிசம்பர் 17. நியூயார்க்கில் ஒரு டிவி நிகழ்ச்சிக்காக நாலு பாட்டு வாசிச்சு முடிச்சிட்டு ஓய்வறைக்குப் போனவர், அங்கேயே சரிந்தார். மாரடைப்பு. வயசு 56.

இந்த மாதிரி இசையை 'வியாபாரம்'னு ஒதுக்கின ஜாஸ் தூய்மைவாதிகள் உண்டு. அவங்க இதே ஆல்பத்துல இருக்கிற 'பேஷன் ஃபிளவர்' கேக்கணும். டியூக் எலிங்டனோட வலது கை மாதிரி இருந்த பில்லி ஸ்ட்ரேஹார்ன் எழுதினது. அதுல மறைஞ்சுக்க ஃபங்க் தாளம் கிடையாது. சாக்ஸ்தான் சுமக்கணும். சுமக்குது.